கேட்டால்தான் சொல்வார்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற எந்தப் பெண்ணும், வீட்டுக்காரரோடு சேரும்போது வலிக்கிறது என்றோ, சேர்ந்த மறுநாள் ரத்தம் படுகிறது என்றோ சொல்லி ஓ.பி. சீட்டு போடுவதில்லை. இடுப்பு வலி என்பார்கள். அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது, நீர்க்கடுப்பு, கை கால் ஓய்ச்சல், ராத்திரி தூக்கமில்லை என்பார்கள். ரொம்பத் துணிந்தவர்கள் குரலை இறக்கி, "வெள்ளை போகுது சிஸ்டர்" என்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். கூட்டம் நெருக்குகிற ஓ.பி.யில் மேற்கொண்டு கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கிக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் அதே இடுப்பு வலியோடு வந்து நிற்பார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உத்தியோகத்தின் முதல் பாதி பிரசவ அறையில் போயிற்று. 2012 வாக்கில் தொற்றா நோய்த் திட்டம் தமிழ்நாடு முழுக்க விரிந்தபோது அந்தப் பிரிவுக்கு வந்தேன். முப்பது வயது தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை. பெண்களுக்குக் கூடுதலாக மார்பகமும் கருப்பை வாயும். உத்தரவில் இருந்த வேலை அவ்வளவுதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண்ணோடு பத்து நிமிடம் இருக்கக் கிடைத்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு பத்து நிமிடம் கிடைப்பது அபூர்வம். அந்த நேரத்தில் நான் கேட்டதும், அவர்கள் சொன்னதும்தான் இத்தனை வருஷ வேலையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்கு அது தெரியாது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கை மருத்துவமனையும், அடையாறு புற்றுநோய் நிலையமும், கோவை பி.எஸ்.ஜி.யும், பிரான்சில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டு இங்கே ஓர் ஆய்வைத் தொடங்கின. ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களை வரவழைத்துக் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தொட்டுப் பார்த்தார்கள். 31,343 பெண்கள் வந்து பார்த்துக்கொண்டார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தை உறைய வைக்கும் கிரையோ சிகிச்சை நடந்தது. அமிலம் தொட்டுப் பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். கிரையோ கொடுத்ததிலும் நர்ஸுகள் உண்டு. 2007-ல் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது 25 சதவீதம் குறைவு. அதனால் இறந்தது 35 சதவீதம் குறைவு. பயிற்சி வகுப்பில் இதைக் கேட்ட அன்றைக்கு எங்கள் பெஞ்சில் எல்லோருமே நிமிர்ந்து உட்கார்ந்தோம். உலகத்துக்கே பாடமான வேலையை நம்மைப் போன்ற நர்ஸுகள், நம்ம ஊர்ப் பெண்களுக்குச் செய்திருக்கிறார்கள்.

அந்தச் சோதனையில் ரகசியம் எதுவும் இல்லை. காலையில் முதல் வேலையாக 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம் கலந்து வைக்க வேண்டும். நேற்று மிஞ்சியதை இன்றைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. பஞ்சை அதில் நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நல்ல வாய் இளஞ்சிவப்பாகவே இருக்கும். செல்கள் மாறத் தொடங்கிய இடம் மங்கிய வெள்ளையாக, ஓரம் தெளிவாக, கொஞ்சம் தடித்துத் தெரியும். சளியின் பளபளப்பு வேறு, இந்த வெள்ளை வேறு. கண் பழகச் சில மாதம் பிடிக்கும். அதன் பிறகு லூகால் அயோடின். நல்ல செல்களில் இருக்கும் கிளைக்கோஜன் அயோடினை வாங்கிக்கொண்டு கரும்பழுப்பாகிவிடும். மாறிய இடம் வாங்காமல் கடுகு மஞ்சளாகத் தனித்து நிற்கும். வெள்ளை தெரிந்தவுடன் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மேல் பரிசோதனையில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. இதைச் சேலையைச் சரிசெய்துகொள்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் பஸ் ஸ்டாப் போவதற்குள் மனதில் ஒரு சாவு நடந்து முடிந்துவிடும்.

மேஜை மேல் படுத்திருக்கும் பெண்ணின் முகம் எங்களுக்குத் தெரியாது. முழங்கால் மேல் போட்ட துணி மறைத்துக்கொண்டிருக்கும். என் கண்ணுக்கு நேராக இருப்பது அவள் பாதங்கள். வலித்தால் வாய் சொல்வதற்கு முன்னால் கால்விரல்கள் மடங்கும். மெட்டி போட்ட விரல் உள்ளங்காலை நோக்கி இறுகும். குதிகால் மேஜையின் ரெக்சினை அழுத்தித் தேய்க்கும். அதைப் பார்த்தவுடன் கையை நிறுத்திவிடுவேன். "மூச்சை மெதுவா வெளிய விடும்மா, நான் ஒண்ணும் பண்ணல, சும்மா நிக்கிறேன்" என்பேன். விரல்கள் விரியும் வரை நிற்பேன். உள்ளே பார்ப்பதற்காக விரித்துப் பிடிக்கும் கருவியான ஸ்பெகுலத்தை வெந்நீரில் காட்டித் துடைத்து, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் எடுப்பேன். அடுத்து எங்கே தொடப்போகிறேன் என்பதைத் தொடுவதற்கு முன்னால் சொல்வேன். சேலையைக் களைய வேண்டியதில்லை, தூக்கிவிட்டுக்கொண்டால் போதும். இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியலாம். முதல் தடவை வலித்த பெண் ஐந்து வருஷம் கழித்து மறுபடி வரமாட்டாள். தெருவில் இருக்கிற மற்றவர்களையும் வரவிடமாட்டாள்.

கேள்விகளை அந்த மேஜையில் வைத்துக் கேட்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே கிடையாது. காலை அகட்டிப் படுத்திருக்கும் பெண்ணிடம், சேரும்போது வலிக்கிறதா என்று தலைக்குமேல் இருந்து கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்து, தண்ணீர் குடித்து, எனக்குச் சமமான உயரத்தில் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்க வேண்டும். அந்த அறையில் இரண்டாவது நாற்காலி கிடையாது; பக்கத்துத் தடுப்பூசி அறையிலிருந்து ஒன்றை எடுத்துவந்து போட்டுக்கொண்டேன்.

அதற்கும் முன்னால், கூட வந்தவர்களை வெளியே அனுப்புவது ஒரு கலை. மாமியார் வந்திருப்பார், நாத்தனார் வந்திருப்பார், சில சமயம் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் வந்திருப்பாள். வெளியே இருங்கள் என்று சொன்னால் அது வீட்டில் போய் எப்படி விடியும் என்று தெரியாது. அதனால் மாமியாரிடம், "வந்தது வந்தீங்க, நீங்களும் பிரஷர், சுகர் பாத்துட்டுப் போங்கம்மா" என்று அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவேன். அவருக்கும் அது தேவைதான். அப்படி அனுப்பியதில் சர்க்கரை இருப்பது முதன்முதலாகத் தெரியவந்த மாமியார்கள் உண்டு.

கேட்கிற விதத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. "உங்களுக்கு இருக்கா?" என்று நேராகக் கேட்டால் அது விசாரணை. "உங்க வயசுல நிறையப் பேர், வீட்டுக்காரரோட இருக்கும்போது எரியுது, வலிக்குதுன்னு சொல்றாங்க. உங்களுக்கு எப்படிம்மா?" என்று கேட்டால், தான் ஒருத்திதான் இப்படி என்கிற பயம் பாதி இறங்கிவிடும். வலி உண்டா, சேர்ந்த பிறகு ரத்தமோ கறையோ படுகிறதா, விருப்பமில்லாத நாளில் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா. இந்த மூன்றும் போதும். வரிசை முக்கியம். உடம்பைப் பற்றிய கேள்வியில் தொடங்கினால் வீட்டைப் பற்றிய கேள்விக்கு அவர்களே வந்து சேர்வார்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. வெளியே டோக்கன் கூப்பிடுகிற சத்தம், பதிவேட்டில் பாக்கி. கை பேனாவைத் தேடும். பேனாவை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

முப்பத்தைந்து வயது இருக்கும், பூப் பறிக்கிற வேலைக்குப் போகிற ஒருத்தி. இரண்டு பிள்ளை பெற்றுக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவள். இடுப்பு வலிக்குப் பல தடவை வந்து போனவள். சேர்ந்த பிறகு ரத்தம் படுமா என்று கேட்டபோது, "அது எப்பவும் வர்றதுதானே சிஸ்டர்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் செய்ததால் வந்த உஷ்ணம் என்று அவள் அம்மா சொல்லி, வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்துவந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படி. அமிலம் தொட்டபோது கருப்பை வாயின் மேல் உதட்டில் வெள்ளை தெளிவாக எழும்பியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பெரிதாக்கிக் காட்டும் கால்போஸ்கோப்பில் பார்த்து, சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்க்கு முந்திய கட்டம். அந்தப் பகுதியை மட்டும் நீக்கினார்கள். கருப்பையை எடுக்க வேண்டி வரவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டு மெதுவாக வளர்வது. அத்தனை வருஷத்தில் ஒருமுறையாவது யாராவது பார்த்தால் முன்கூட்டியே பிடித்துவிட வாய்ப்பு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் என்றைக்காவது ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதும் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. நம் மாநிலம் முன்னால் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் பத்தில் ஒன்பது பேரை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

சில பெண்களுக்கு ஸ்பெகுலமே உள்ளே போகாது. தொடை இரண்டும் ஒட்டிக்கொண்டு நடுங்கும். இடுப்பு மேஜையை விட்டு மேலே எழும்பும். "ஒத்துழைக்க மாட்டேங்குது" என்று பதிவேட்டில் எழுதி அனுப்பிவிடுகிற வழக்கம் உண்டு. அதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அப்படி ஒரு பெண், கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தையில்லை என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கர்ப்பத்துக்கான ஊசி போட்டாயிற்று, கோயில் கோயிலாகப் போயாயிற்று. ஸ்கேன் எடுத்த இடத்திலோ, மாத்திரை எழுதிய இடத்திலோ, நீங்கள் இரண்டு பேரும் சேர முடிகிறதா என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. நான் ஸ்பெகுலத்தைத் தட்டில் வைத்துவிட்டு, உடுத்திக்கொண்டு வந்து உட்காரச் சொன்னேன். ஒரு தடவைகூட முடிந்ததில்லை என்று அன்றைக்குச் சொன்னாள். முயற்சி செய்யும்போதெல்லாம் உடம்பு தானாக இறுகிக்கொள்கிறது. அவர் பயந்து விலகிவிடுகிறார். மறுநாள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசைகள் அவள் சொல்பேச்சு கேட்காமல் இறுகிக்கொள்வது. பிடிவாதமும் இல்லை, புருஷன் மேல் வெறுப்பும் இல்லை. குணப்படுத்தக்கூடியது. முதலில் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று படம் காட்டி விளக்க வேண்டும். அந்தத் தசையைத் தானே இறுக்கவும் தளர்த்தவும் பழக வேண்டும். பிறகு தன் சுண்டுவிரல், அதன் பிறகு அளவு கூடிக்கொண்டே போகும் டைலேட்டர்கள், எல்லாம் அவள் கையாலேயே, அவள் வேகத்துக்கு. கணவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் பொறுமையான ஒரு டாக்டரம்மா கிடைத்தார். மாதக்கணக்கில் ஆயிற்று. பிறகு அந்தப் பெண் எங்கள் நிலையத்துக்கு வந்தது தாய்சேய் நல அட்டை போட.

பிரசவ அறையில் இருந்தவள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தையல் போட்டு அனுப்புகிறோம். ஒன்றரை மாதத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட அந்தத் தாய் வருகிறாள். குழந்தையின் எடை பார்க்கிறோம், பால் போதுகிறதா என்று கேட்கிறோம், காப்பர்-டி போட்டாயிற்றா என்று கேட்கிறோம். தையல் போட்ட இடம் சேரும்போது வலிக்கிறதா என்று கேட்பதில்லை. மூன்று நாலு வருஷம் கழித்து என் நாற்காலியில் உட்கார்ந்து, "மொதப் பிள்ளைக்குத் தையல் போட்டதிலேர்ந்து இப்படித்தான்" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். தடுப்பூசி நாளில் அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம் போதும்.

இதெல்லாம் எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மகாராஷ்டிரத்தில் கட்சிரோலிப் பக்கம் ராணி பங், அபய் பங் என்ற டாக்டர் தம்பதி இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு பெண்ணுறுப்பு நோயோ பால்வினை நோயோ இருந்தது. அதற்கு முன்னால் பரிசோதனைக்குப் போயிருந்தவர்கள் 8 சதவீதம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், பொது மருத்துவ ஓ.பி.க்கு வந்த 149 திருமணமான பெண்களிடம் 19 கேள்விகள் கொண்ட படிவத்தை வைத்துக் கேட்டு 2009-ல் வெளியிட்டார்கள். தாம்பத்தியத்தில் ஏதோ ஒரு சிரமம் இருந்தவர்கள் 73 சதவீதம். அந்த 19 கேள்விப் படிவம் 2000-ல் அமெரிக்காவில் ரேமண்ட் ரோசன் குழுவினர் உருவாக்கியது. ஆசை, கிளர்ச்சி, ஈரம், உச்சம், திருப்தி, வலி என்று ஆறு தலைப்பு. கடந்த நாலு வாரத்தைப் பற்றிக் கேட்கும். அது நல்ல கருவிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன புருஷன் மாதத்துக்கு ஒரு முறையோ, திருவிழாவுக்கோதான் வருவான். நாலு வாரமாகச் சேரவில்லை என்று சொல்கிற பெண்ணுக்கு மதிப்பெண் இறங்கிவிடும். அவளுக்கு வியாதி இருக்காது, புருஷன் ஊரில் இல்லை அவ்வளவுதான். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் குடும்பம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வெள்ளைப்படுதலுக்கு வருகிறேன். எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த வார்த்தை பேசமாட்டார்கள். தயிர்போலத் திரிந்து, அரிப்போடு இருந்தால் பூஞ்சை. உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். கட்டுக்குள் வராத சர்க்கரையின் முதல் தடயமே அதுவாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மீன் நாற்றம் என்றால் அநேகமாக வேறு கிருமி. ஒன்றுமே இல்லாமல் மாதத்தின் நடுவில் வருவது இயற்கை. இவை தவிர இன்னொரு வகை உண்டு. பரிசோதனையில் எல்லாம் சுத்தமாக இருக்கும். அவளோ வெள்ளை, வெள்ளை என்று வருஷக்கணக்கில் வந்துகொண்டிருப்பாள். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் செய்த ஆய்வைப் படித்த பிறகு எனக்கு அது விளங்கியது. வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்களிடம் மனச்சோர்வும் மனப் பதற்றமும் கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா என்கிற என் மூன்றாவது கேள்விக்கு அழுகையே பதிலாக வந்ததும் இந்தப் பெண்களிடமிருந்துதான். குடித்துவிட்டு வருகிறவன், மறுத்தால் அடிக்கிறவன், பிள்ளைகள் தூங்குகிற ஒற்றை அறை. அவளுக்குப் பூஞ்சை மாத்திரை கொடுத்து அனுப்புவது அநியாயம்.

புருஷனுக்கும் மருந்து கொடுக்க வேண்டிய இடம்தான் இந்த வேலையிலேயே கத்தி மேல் நடப்பது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் பால்வினைத் தொற்றுகளுக்கு வண்ணம் பிரித்த மருந்துப் பெட்டிகள் வைத்திருக்கிறது. கருப்பை வாயிலிருந்து சீழ் வந்தால் சாம்பல் நிறம்: அசித்ரோமைசின் ஒரு கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். யோனி அழற்சிக்குப் பச்சை. சாம்பல் நிறப் பெட்டி என்றால் கணவரும் சாப்பிட்டாக வேண்டும். இல்லையென்றால் மறுபடி தொற்றிக்கொள்ளும், கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைத்துப்போகும். ஆனால் எல்லா வெள்ளைப்படுதலும் பால்வினை நோய் இல்லை. பூஞ்சை வந்ததற்காகப் புருஷனைச் சந்தேகப்பட்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்களும் உண்டு. வெள்ளை என்று கேட்டவுடன் பெண்டாட்டியை அடித்தவனும் உண்டு. எது எது என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணவரை அனுப்பச் சொல்லும்போது காரணத்தைச் சீட்டில் எழுத மாட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி, ரெண்டு பேரும் சாப்பிட்டாத்தான் போகும், யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது" என்று வருகிறவரிடமே நேரில் சொல்வேன். அது உண்மையும்கூட.

கர்ப்பிணி என்றால் எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை தானாக நடந்துவிடுகிறது. அவளைக் கூட்டிவரும் நாற்பத்தைந்து வயது அம்மாவுக்கு யாரும் செய்வதில்லை. பிள்ளை பெற்று முடித்த பெண்ணின் உடம்பில் இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்பது போல ஆஸ்பத்திரிகளும் நடந்துகொள்கின்றன. தூரம் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்த இடம் மெலிந்து உலர்ந்துபோகும். சேரும்போது கிழிகிற மாதிரி வலிக்கும். நீர் பிரியும்போதும் எரியும். இந்த அம்மாக்கள் திண்ணையில் தனியாகப் படுக்கத் தொடங்கிவிடுவார்கள். "வயசாச்சுல்ல நர்ஸம்மா, இனிமே எதுக்கு?" என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர் கோபித்துக்கொள்கிறார், பேசுவதே குறைந்துவிட்டது என்பது கொஞ்ச நேரம் கழித்து வரும். உள்ளே தடவிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுப்பார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் யோசித்துத் தர வேண்டும். சில வாரங்களில் தெரிகிற மாற்றத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தூரம் நின்று ஒரு வருஷம் கழித்துத் துளி ரத்தம் பட்டாலும் அதை வயசுக் கோளாறு என்று விடக்கூடாது. அன்றைக்கே பார்க்க வேண்டும்.

கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடாது. வெள்ளை தெரிந்தது, சீட்டு எழுதிக் கொடுத்தோம், அவள் போகவில்லை. இதுதான் எங்களை அதிகம் வதைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலி போகும். பஸ்ஸுக்கும் காசு வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். புருஷனிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்ற கேள்வி வேறு. அதனால் சீட்டில் ஊர்ப் பெயரோடு, எந்த நம்பரில், எந்த நேரம் கூப்பிட்டால் அவளே எடுப்பாள் என்றும் எழுதிக்கொள்வேன். ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேரை ஒரே நாளில் சேர்த்து அனுப்புவேன். தனியாகப் போகமாட்டாதவள் கூட்டத்தோடு போவாள். திருவிழாவும் பள்ளிக்கூடம் திறக்கிற மாதமும் தவிர்க்க வேண்டியவை.

இனி வரப்போவது எச்.பி.வி. சோதனை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் அந்த வைரஸ்தான் என்று காட்டியதற்காக ஹரால்ட் சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனையை முதன்மையாக வைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வழிகாட்டியிருக்கிறது. இதில் ஸ்பெகுலம் வேண்டாம், மேஜை வேண்டாம். குச்சியைக் கொடுத்தால் பெண் தானே குளியலறையில் மாதிரி எடுத்துத் தரலாம். தூரம் நின்ற பெண்களுக்கு அமிலச் சோதனை சரியாகப் பிடிபடாது, அவர்களுக்கும் இது உதவும். வெட்கத்தால் வராத பெண்களில் பலர் வரலாம். முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் குச்சியைக் கொடுத்து வாங்கும் வேலையாக அது சுருங்கிவிட்டால், கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் அந்தப் பத்து நிமிடம் போய்விடும். வலியைப் பற்றி, அடியைப் பற்றிக் கேட்க வேறு இடம் கிடையாது. வைரஸ் இருக்கிறது என்று முடிவு வருகிற நாளில் நாற்காலி இன்னும் அவசியம். எப்போது தொற்றியது, யாரிடமிருந்து என்று அந்தச் சோதனை சொல்லாது. பத்து வருஷத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். இதை யாராவது உட்கார்ந்து சொல்லாவிட்டால் எத்தனை வீடுகளில் அந்தத் தாள் சண்டையாக மாறும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த செவிலியர்களிடம் பேசக் கூப்பிட்டார்கள். மூன்று கேள்விகளையும் நாற்காலியையும் மாமியாரை அனுப்பும் வழியையும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "கேட்டுட்டு, அவங்க அழுதா என்ன பண்றது மேடம்?" என்றாள். அழட்டும், அடுத்த டோக்கனைக் கூப்பிடாதே, கதவைத் திறக்காதே என்றேன். யாருக்கு எதற்குப் போன் செய்வது என்கிற தாளை முதல் நாளே எழுதி மேஜை டிராயரில் ஒட்டிவிடு: பெரிய ஆஸ்பத்திரி மகளிர் பிரிவு, மனநல மருத்துவர், எச்.ஐ.வி. சோதனைக்கு நம்பிக்கை மையம், அடி உதை என்றால் மகளிர் உதவி எண் 181. அவள் எழுதிக்கொண்டாள். மனநல மருத்துவர் வருகிற கிழமை, போன் எடுக்கிறவர் பெயர், அவர் எத்தனை மணி வரை இருப்பார் என்பதையெல்லாம் வரிசையாகக் கேட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.